சுவரும் வாயிலும்

நாற்புறமும் சுவரெழுப்பி மேலே மூடிவிட்டால் அஃது ஒரு பெட்டியாகுமேயன்றி வீடாகாது. மக்கள் புகுதற்கு ஒரு வழியும், ஒளி வருதற்கு ஒரு வழியும், காற்று உலவுதற்கு ஒரு வழியும் அச்சுவரில் விடப்பட்ட பொழுதே அது மனையெனப் பெயர் பெறுகின்றது. ஆகவே, சுவரை எழுப்புதலும், எழுப்புங்கால் எவ்விடத்தை எழுப்பாது விடுவது என்றறிதலும் ஆகிய இரண்டுமே கட்டடக் கலையின் முதற் பாடங்களாம். இவ்விரண்டனையும் இந்நாளிற் கணினியின் துணைகொண்டு செய்யுமாறு எங்ஙனம் என்பதனையும், அவ்வாறு செய்யுங்கால் மாணாக்கர் கருத்திற்கொள்ள வேண்டுவன யாவை என்பதனையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

சென்னையின் மேற்றிசைப் புறநகர்களாகிய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் மூன்றனையும் அறியாதார் நம் வாசகருள் இலர். 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காங்கிரசு மகாசபை கூடிய இடமென ஆவடியின் பெயர் நாடெங்கும் பரவிற்று. அடுத்த பத்தாண்டில் ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரிற் பெரியதொரு தொழிற்பேட்டையும் எழுந்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. தொழில் வந்த இடத்திற்கு மக்கள் வந்தனர். மக்கள் வந்த இடத்தில் வீடுகள் நெருங்கின. வயலாய்க் கிடந்த நிலங்கள் இன்று அரைக் கிரவுண்டு மனைகளாக, அஃதாவது 1200 சதுர அடித் துண்டுகளாக, அளந்து விற்கப்படுகின்றன. அத்துண்டுகளுள் ஒன்றனை வாங்கி வீடு கட்டுகின்றவர் பெரும்பாலும் செல்வரல்லர். தம் வாழ்நாட் சேமிப்பு முழுவதனையும் ஒரே முறை செங்கல்லாகவும் சுண்ணமாகவும் மாற்றுகின்றவர். அவருக்கு ஒரு சாளரம் இரண்டடி தவறினால் அது சிறு பிழையன்று.

ஒரு பிழையின் வரலாறு

எமக்குப் பழக்கமான குடும்பத்தார் ஒருவர் திருமுல்லைவாயிலில் இங்ஙனம் ஒரு வீடு கட்டினர். சமையலறையின் கீழ்ச்சுவரிற் சாளரம் ஒன்று வரைபடத்திற் குறிக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தே அண்டை வீட்டுச் சுவர் மிக நெருங்கி நின்று ஒளியை மறைத்தலின், சாளரத்தைத் தெற்கே இரண்டடி தள்ளி வைக்கும்படி வீட்டின் தாயார் வேண்டினர். படம் வரைந்தவரும் இசைந்து தரைப்படத்தில் அச்சாளரத்தை நகர்த்தினர். ஆனால், முகப்புப் படத்தை மாற்ற மறந்தனர். சாளர அட்டவணையும் பழைய வண்ணமே இருந்தது. கொத்தனார் கையிற் கிடைத்தது முகப்புப் படம். அதன்படி சுவரெழுந்தது, லிண்டலும் வார்க்கப்பட்டது, பூச்சும் முடிந்தது. பிழை கண்ணிற்பட்ட பொழுது, முடிந்த சுவரை உடைத்துப் புதிய லிண்டல் ஒன்று வார்க்க நேர்ந்தது. பழைய திறப்பை அடைத்த இடத்தில் இன்றும் ஒரு மெல்லிய வெடிப்பு ஓடுகின்றது. அவ்வம்மையார் அடுப்பின் முன் நிற்குந்தோறும் அதனைக் காண்கின்றனர்.

இப்பிழைக்குக் காரணம் யாது? சோம்பலன்று, வஞ்சகமும் அன்று. தரைப்படத்தில் ஒரு சாளரம், முகப்பில் ஒரு சாளரம், வெட்டுப்படத்தில் ஒரு சாளரம், அட்டவணையில் ஒரு சாளரம் என ஒரே சாளரம் நான்கு முறை வரையப்பட்டது. நான்கும் தாளின்மேல் தனித்தனிக் கோடுகளேயாதலின், ஒன்று நகர்ந்ததை மற்றை மூன்றும் அறிந்தில. இக்குறையைப் போக்கவே சுவரையும் திறப்பையும் கோடாக அன்றிப் பொருளாக அமைக்கும் மென்பொருள்கள் தோன்றின.

கோடும் பொருளும்

கணினித் திரையிற் படம் வரையும் வித்தையை முதன்முதலிற் செவ்வனே காட்டியவர்களுள் ஐவன் சதர்லாண்டு என்பவர் தலைசிறந்தவர். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் அவர் அமைத்த ஸ்கெட்ச்பேட் என்னும் முறை அதற்கு வழிகாட்டிற்று. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் அவ்வித்தையைச் சாதாரண அலுவலகங்களுக்குக் கொணர்ந்தது. ஆயினும், அதிற் சுவர் என்பது இரண்டு இணைகோடுகளே. கோட்டுக்குத் தான் சுவரென்பது தெரியாது.

கட்டடத்தின் உறுப்புகளைக் கோடுகளாகவன்றி உறுப்புகளாகவே கணினியிற் சேமித்துவைத்தல் வேண்டும் என்னுங் கருத்தை 1970களின் நடுப்பகுதியில் சார்லசு ஈஸ்ட்மன் என்னும் பேராசிரியர் ஆராய்ந்தார். அங்கேரி நாட்டுக் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட மென்பொருளே பின்னர் ஆர்க்கிகேட் எனப் பெயர் பெற்றது. 2000இல் ரெவிட் வெளிவந்தது; 2002இல் அதனை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கிற்று. பொருள் கொடுத்து வாங்கவியலாத மாணாக்கர்க்கு ஃப்ரீகேட் என்னும் விலையில்லா மென்பொருளும் இன்று உண்டு. இவற்றுட் சுவர் என்பது நீளம், உயரம், தடிப்பு, எப்பொருளால் ஆயது என்னும் குறிப்பு ஆகியவற்றோடு கூடிய ஒரு பொருள். தரைப்படமும் முகப்பும் வெட்டும் அப்பொருளை வெவ்வேறு பக்கத்தினின்று நோக்கும் நோக்குகளே. சாளரம் ஒன்றே, நோக்குகள் பல. ஓரிடத்தில் நகர்த்தினால் எல்லாவிடத்தும் நகரும். திருமுல்லைவாயில் வீட்டில் நேர்ந்த பிழை இம்முறையில் நேர்வதற்கு இடனில்லை.

சுவரை அமைக்குமாறு

சுவரை அமைக்கப் புகும் மாணாக்கன் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, "யான் இழுக்கும் இக்கோடு சுவரின் எப்பகுதி?" என்பதாம். சுவரின் நடுக்கோடாகவும் இருக்கலாம், செங்கல்லின் வெளிமுகமாகவும் இருக்கலாம், பூச்சின் முகமாகவும் இருக்கலாம். மென்பொருள் இவற்றுள் ஒன்றனைத் தானே கொண்டுவிடும். நாம் கேட்டாலன்றிச் சொல்லாது.

ஓர் உதாரணம் கூறுதும். நம் பக்கத்தே வழக்கிலுள்ள ஒன்பதங்குலச் சுவர் 230 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன் உட்புறம் 12 மில்லிமீட்டரும் வெளிப்புறம் 20 மில்லிமீட்டரும் பூசினால் முடிந்த சுவரின் தடிப்பு 262 மில்லிமீட்டராகும். செங்கல்லிலிருந்து செங்கல்வரை 3.60 மீட்டர் என அமைத்த அறை, இருபுறமும் பூசிய பின் 3.576 மீட்டரே இருக்கும். 24 மில்லிமீட்டர் சிறிதே. ஆயினும், சுவருக்குச் சுவர் பொருந்துமாறு அலமாரி செய்துவந்த தச்சர்க்கு அது சிறிதன்று. ஆதலின் கொத்தனார்க்கு வேண்டும் அளவைச் செங்கல் முகத்திலும், தச்சர்க்கு வேண்டும் அளவைப் பூச்சு முகத்திலும் குறித்தல் முறை. சுவரைப் பல அடுக்குகளாக, அஃதாவது வெளிப்பூச்சு, செங்கல், உட்பூச்சு என, அமைத்தால் இரண்டளவும் ஒருங்கே கிடைக்கும்.

இரண்டாவது, சுவரின் உயரத்தை வெறும் எண்ணாகக் கொடாமல், மட்டங்களோடு பிணைத்தல் நலம். தரைமட்டம், கடைக்கால் மேல்மட்டம், கூரைமட்டம் என முன்னரே மட்டங்களை வகுத்து, இம்மட்டத்திலிருந்து அம்மட்டம் வரை எனச் சுவரைக் கூறுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு திசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் ஆழ்ந்ததை யாவரும் அறிவர். அதன்பின் வீடு கட்டுவோர் பலர் தரைமட்டத்தை ஓரடியோ இரண்டடியோ உயர்த்த விழைகின்றனர். மட்டத்தோடு பிணைத்த சுவர், மட்டம் உயர்ந்ததும் தானே உயரும். அதன்கண் உள்ள வாயிலும் சாளரமும் உடன் உயரும். எண்ணால் அமைத்த சுவரோ நின்றவிடத்தே நிற்கும்; ஒவ்வொன்றாய்த் தேடித் திருத்தல் நேரும்.

மூன்றாவது, சுவரும் சுவரும் கூடுமிடம். ஒன்பதங்குலச் சுவரோடு நாலரையங்குலத் தடுப்புச்சுவர் வந்து முட்டுமிடத்தில், செங்கல் செங்கல்லோடும் பூச்சு பூச்சோடும் சேர்தல் வேண்டும். பூச்சு செங்கல்லினூடே புகுந்து நிற்குமாறு விடப்பட்ட படம் கணக்கையும் கெடுக்கும், கொத்தனாரையும் மயக்கும்.

திறப்பின் இலக்கணம்

இனித் திறப்புக்கு வருவோம். மென்பொருளிற் கதவொன்றை வைத்தல் ஒரு சொடுக்கிற் முடியும் செயல்போலத் தோன்றும். ஆனால், அச்சொடுக்கினுள்ளே மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, சுவரில் ஒரு வெறுமை பிறக்கின்றது. இரண்டாவது, அவ்வெறுமை இச்சுவரினுடையது என்னும் உறவு எழுதப்படுகின்றது. மூன்றாவது, அவ்வெறுமையை இக்கதவு நிரப்புகின்றது என்னும் மற்றோர் உறவும் எழுதப்படுகின்றது. வெவ்வேறு மென்பொருள்கள் தம்முட் கட்டடச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் பொருட்டு வகுக்கப்பட்டு, 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்னும் உலகத் தரமாக வெளிவந்த ஐஎஃப்சி என்னும் முறையிலும் சுவர் வேறு, வெறுமை வேறு, நிரப்பும் கதவு வேறு எனவே பிரிக்கப்பட்டு, உறவுகள் தனியே குறிக்கப்படுகின்றன.

இப்பிரிவு வீண் நுணுக்கமன்று. கதவை நீக்கி வெறுமையை மட்டும் விட்டால் அது கதவில்லா வழியாகும்; கூடத்திற்கும் உணவறைக்கும் இடையே இத்தகைய வழியை நாம் பலகாற் காண்கின்றோம். வெறுமையையும் நீக்கினால் சுவர் தன் காயம் ஆறியதுபோல் மீண்டும் முழுமையுறும். சுவரை நகர்த்தினால் அதன் வாயில்களும் சாளரங்களும் உடன் செல்லும். சுவரையே அழித்தாலோ, இவ்வகை மென்பொருள்கள் பலவற்றில் அவையும் உடன் அழியும். ஆதலின் பயன்படுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

இவ்வுறவைத் தமிழ்மொழி நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தது என்று கூறுதல் மிகையன்று. 'வாயில்' என்னுஞ் சொல்லை நம் இலக்கண ஆசிரியர்கள் இலக்கணப் போலி என்பர். 'இல்வாய்' என நிற்கற்பாலது முன்பின்னாக மாறி 'வாயில்' என நின்றது. 'நகர்ப்புறம்' என்பது 'புறநகர்' என நின்றாற்போல. இல்லினது வாய் என்பது அதன் பொருள். முகமின்றி வாயில்லை, சுவரின்றி வாயிலில்லை. சாளரத்துக்கோ நம்மிடத்தே வேறு பெயர்களும் உள. பல கண்களை உடையதாதலின் 'பலகணி' என்றனர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஆகவே காற்று வரும் வழியைக் 'காலதர்' என்றனர். வாய், கண், காற்றுவழி என மூன்று பெயர்களும் மூன்று தொழில்களைக் காட்டுகின்றன: புகுதல், காண்டல், உயிர்த்தல். மென்பொருளுக்கோ மூன்றும் வெறுந் திறப்பே. அகலமும் உயரமும் தரையினின்று எழும் தொலைவுமே அதற்குத் தெரியும். அத்திறப்பு வாயா, கண்ணா, காற்றின் வழியா என்பதை அறிந்து கூறவேண்டியவர் வரைபவரே. இஃதொன்றே இக்கட்டுரையின் கருத்து எனக் கொள்க.

முன்னே நிற்கும் வாசக்கால்

ஈண்டு ஒரு வேறுபாட்டையும் நோக்குதல் தகும். மென்பொருளில் முதலிற் சுவர் வேண்டும். சுவரிருந்தாலன்றிக் கதவை வைக்க அது பெரும்பாலும் இசையாது. நம்மூர்த் தெருவிலோ முறை நேர்மாறு. கடைக்கால் முடிந்து தரைமட்டம் எழுந்ததும், தலைவாயிலின் வாசக்காலை முதலில் நிறுத்துகின்றனர். நாள் பார்ப்பார் நாள் பார்த்து மஞ்சளும் குங்குமமும் இட்டு நிறுத்துவர். கிறிஸ்தவக் குடும்பத்தார் போதகரை அழைத்து ஜெபித்து நிறுத்துவர். தூக்குக்குண்டு விட்டு நேர்மை பார்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்திய அவ்வாசக்கால் சில நாட்கள் வெட்டவெளியில் தனியே நிற்கும். பின்னரே இருபுறமும் செங்கல் வந்து அதனைத் தழுவும். அங்கே சுவர் வாயிலுக்காக எழுகின்றது. கணினியிலோ வாயில் சுவருக்குப் பின் வருகின்றது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது எனின், இயந்திரத்துக்கு அதன் முறையே எளிது என்போம். ஆனால், சிந்தனைக்கு நம் கொத்தனாரின் முறையே நன்று. மனையின் எப்பக்கம் தெரு, யார் எவ்வழி வருவர், முதியவர் கட்டிலினின்று எழுந்தால் எதனைக் காண்பர் என்பனவற்றை முதலில் உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு, அதன்பின் சுவரை இழுப்பவன் நல்ல வீட்டை அமைப்பான். சுவர்களை எல்லாம் இழுத்து முடித்தபின், மிச்சமான இடத்திற் கதவைத் திணிப்பவன் பெட்டியையே அமைப்பான்.

ஓர் அறையின் கணக்கு

இனிக் கணக்கொன்றனைச் செய்து பார்ப்போம். அம்பத்தூரில் ஒரு படுக்கையறை உட்புறம் 3.60 மீட்டர் நீளமும் 3.00 மீட்டர் அகலமும், 3.00 மீட்டர் சுவருயரமும் உடையதென்க. சுவர் ஒன்பதங்குலம். கதவு 0.90 மீட்டருக்கு 2.10 மீட்டர், சாளரம் 1.50 மீட்டருக்கு 1.20 மீட்டர். கணக்கு எளிதாகும்பொருட்டுப் பூச்சை விடுத்துச் செங்கல் அளவையே கொள்வோம்.

சுவரின் நடுக்கோட்டு வழியே சுற்றளவு 14.12 மீட்டர். இதனை 3.00 உயரத்தாலும் 0.23 தடிப்பாலும் பெருக்கினால் ஏறக்குறைய 9.74 கனமீட்டர் வரும். கதவின் பரப்பு 1.89, சாளரத்தின் பரப்பு 1.80, ஆக 3.69 சதுர மீட்டர். இதனைத் தடிப்பாற் பெருக்க 0.85 கனமீட்டர். கலவையோடு சேர்ந்து 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் இடங்கொள்ளும் செங்கற்கள் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 500 வேண்டும். ஆகவே இவ்விரு திறப்புகளால் மட்டும் 425 செங்கற்கள் மிஞ்சுகின்றன. வீடு முழுவதற்கும் திறப்புகளைக் கழிக்க மறந்தால், வாசலிற் சில ஆயிரம் செங்கற்கள் வீணே குவியும். சுவரையும் திறப்பையும் உறவோடு அமைத்த கணினி இக்கழிவைத் தானே செய்துவிடும்.

ஆயினும், பூச்சின் கணக்கில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்தியத் தரநிலை 1200 என்னும் அளவுமுறைப்படி, 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குப் பூச்சிற் கழிவில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு, சுவரின் இருமுகமும் ஒரேவகைப் பூச்சாயின் ஒரு முகத்துக்கே கழிப்பர். திறப்பின் பக்கங்களுக்குத் தனியே கூட்டார். 3 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் இருமுகமும் கழித்துப் பக்கங்களைக் கூட்டுவர். நம் சாளரம் 1.80 சதுர மீட்டராதலின் அளவுமுறைப்படி கழிவு 1.80. கணினியோ இருமுகத்திற்கும் 3.60 கழித்துவிடக்கூடும். ஆனால், அச்சாளரத்தின் நான்கு பக்கங்களிலும் 0.23 மீட்டர் அகலத்திற்குப் பூசவேண்டியிருத்தலின், சட்டத்தின் இடத்தைக் கழிக்காவிடின் ஏறக்குறைய 1.24 சதுர மீட்டர் வேலை அங்கேயே உண்டு. மூலைகளை நேராகப் பிடிக்கும் உழைப்பு வேறு. கணினி காட்டிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி மிகுதியாகக் கேட்கின்றார் என்று பிணங்குவோர் இதனை அறிதல் வேண்டும். இருவரும் பொய் கூறவில்லை, அளவுமுறைகளே வேறு.

காற்றின் வழி

மேற்கூறிய அறையின் தரைப்பரப்பு 10.80 சதுர மீட்டர். 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற ஈரமும் வெப்பமும் மிக்க இடங்களில், கதவு நீங்கலாகத் திறப்புகளின் பரப்புத் தரைப்பரப்பில் ஆறிலொரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது. 10.80இல் ஆறிலொன்று 1.80. நம் சாளரமும் 1.80. கணினியின் அட்டவணையும் "சரி" என்று காட்டும். மாணாக்கன் மகிழ்ந்து அடுத்த அறைக்குச் செல்வான்.

ஆனால், சற்றே நின்று நோக்குக. இந்நாளிற் பெரிதும் விரும்பப்படும் சாளரம் இரண்டு கண்ணாடிப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்று நகரும் வகையினது. அதனை முழுதுந் திறந்தாலும் பாதியே திறக்கும். மற்றைப் பாதியிற் பலகைகள் இரண்டும் அடுக்கி நிற்கும். ஆகவே காற்று வரும் வழி 1.80 அன்று, 0.90 மட்டுமே. சாளரத்தில் ஒரு பகுதி திறவாததாயின் திறக்கும் பகுதியையே கணக்கிற் கொள்ளல் வேண்டும் என்று அவ்விதித்தொகுப்பும் கூறுகின்றது. கண் பெரிதாயிருந்தும் மூச்சு பாதியே. அதே அளவில் இருபக்கமும் வெளியே விரியும் பழைய மரச்சாளரமாயின் ஏறக்குறைய முழுவழியும் கிடைக்கும். திரையில் இரண்டும் ஒரே அளவுள்ள செவ்வகங்களே. மே மாதத்து இரவில், மின்சாரம் நின்ற வேளையில், அவ்வறையில் உறங்குபவரே வேறுபாட்டை உணர்வர்.

திசையும் அத்தகையதே. சென்னை வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடபாலும், மற்றைத் திங்களில் தென்பாலும் நிற்கும். அவ்விரு பக்கத்துச் சாளரங்களுக்கும் மேலே நீட்டிய சன்ஷேடு நிழல் தரும். மேற்குப் பக்கத்துச் சாளரத்திற்கோ மாலைச் சூரியன் தாழ்ந்து நேரே நுழைதலின் அது போதாது. மரமோ, தட்டியோ, துளைச்சுவரோ வேண்டும். கடற்காற்றுக் கிழக்கினின்று வருவது; கரையிலுள்ளார்க்குக் கிடைத்த பின்னரே ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வந்து சேரும். அங்ஙனம் பிந்திவரும் காற்றை வீட்டினுள் ஏற்க, கிழக்கே ஒரு திறப்பும் அது வெளியேற எதிரே மற்றொரு திறப்பும் வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயும் வாராது. ஒரு சுவரில் 1.80 வைப்பதைவிட, இரு சுவர்களிற் பகிர்ந்து வைப்பது பெரும்பாலும் நன்று. இவற்றையெல்லாம் கணினியிற் கொடுத்துச் சோதிக்க இன்று வழியுண்டு. ஆனால் மனையின் வடதிசையைச் சரியாகக் குறித்தாலன்றி அச்சோதனை பயனற்றது. வடதிசையைக் குறிக்காமலே வரையப்பட்ட படங்களை யாம் மிகப் பல கண்டுள்ளோம்.

மாணாக்கர்க்குச் சில சொற்கள்

இக்கலையைக் கற்கப் புகுவோர் அண்டமளாவும் மாளிகைகளை அமைத்துத் தொடங்கவேண்டா. தாம் வாழும் அறையை முதலில் அளந்து அமைக்கக் கடவர். அளவு நாடாவைக் கொண்டு நான்கு சுவர்களையும், மூலைக்கு மூலை குறுக்களவையும் எடுக்க. குறுக்களவுகள் இரண்டும் ஒத்திராவிடின் அறை சதுரமன்று. மூலைமட்டம் அங்கே தவறியது. சாளரத்தின் அடிவிளிம்பு தரையினின்று எத்துணை உயரம், மேல்விளிம்பு எத்துணை உயரம் என இரண்டனையும் தனித்தனியே குறிக்க. கதவுகளின் மேல்விளிம்பும் சாளரங்களின் மேல்விளிம்பும் ஏழடி அளவில் ஒரே மட்டத்தில் ஓடுதலை அப்பொழுது காண்பர். வீட்டைச் சுற்றி ஓடும் ஒரே லிண்டல் அவையனைத்தின் மேலும் அமைந்து மேற்சுவரைத் தாங்குதலே அதற்குக் காரணம். கதவு எப்பக்கம் திறக்கின்றது, திறந்தால் கட்டிலின்மேல் இடிக்கின்றதா, மின்விளக்கின் விசை கதவுக்குப் பின்னே மறைகின்றதா என்பனவற்றை நோக்குக. அதன்பின் அதே அறையைக் கணினியில் எழுப்புக. திரையிலுள்ள அறையும் தாம் அமர்ந்திருக்கும் அறையும் எவ்விடத்தில் மாறுபடுகின்றன என்று காண்பதே முதற் கல்வி.

இயலுமாயின், கட்டிட வேலை நடக்கும் இடத்திற்குச் சென்று ஒரு நாள் நிற்க. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கொத்தனார் செங்கல்லைத் தட்டித் தட்டிச் சரிசெய்வதைக் காண்க. திரையில் நாம் ஒரு சொடுக்கில் வைக்கும் சாளரத்தை, அவர் வெயிலில் இரண்டு நாள் நின்று வைக்கின்றார். நம் பிழையின் விலையை முதலிற் கொடுப்பவர் அவரே. இரண்டாவது கொடுப்பவர் வீட்டுக்குரியவர். வரைந்தவர் கொடுப்பதோ மிகச் சிறிது. இவ்வநீதியை நினைவிற்கொள்ளுதல் ஒன்றே கையைக் கவனத்தோடு இயக்கும்.

முடிவுரை

மணலின்மேல் வீடு கட்டினவன் கதையை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலகாற் கேட்டுள்ளோம். அக்கதை கடைக்காலைப் பற்றியது. கடைக்கால் உறுதியாய் இருந்தும் மூச்சுவிட வழியில்லாத வீடும் உண்டு. அதிலும் மழைக்கு அஞ்சாமல் வாழலாம். ஆயினும் மகிழ்ந்து வாழ்தல் அரிது.

கணினி நமக்குத் தந்துள்ள நன்மை பெரிது. சுவரையும் திறப்பையும் பிரியாவண்ணம் பிணைத்து, ஒன்று மாறினால் மற்றொன்றும் மாறுமாறு காத்து, நான்கு தாள்களும் ஒரே உண்மையைக் கூறுமாறு செய்கின்றது. மறதியாற் பிறக்கும் பிழைகளை அது பெரும்பாலும் ஒழித்துவிடும். எண்ணாமையாற் பிறக்கும் பிழைகளை ஒழிக்க அதற்கு வலியில்லை. சாளரத்தை எங்கே நகர்த்தினாலும் நான்கு படங்களிலும் நகர்த்திக் கொடுக்கும். எங்கே நகர்த்தல் வேண்டும் என்பதை அத்திருமுல்லைவாயில் அம்மையாரே அறிந்திருந்தார். அவர் கூறியதைக் கேட்டு, வாயை வாயாகவும் கண்ணைக் கண்ணாகவும் காற்றின் வழியைக் காற்றின் வழியாகவும் அமைப்போர் நம் மாணாக்கருள் பலர் தோன்றுவாராக.